பழைய கையடக்கக் கணினியில் வை-ஃபை கார்டு போட்டு இணையத்துக்குள் போவது எப்படி

முதலில் கார்டை வாங்கிவிடுவோம், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் இறங்குகிறார்கள். பாக்கெட் பிசி, பாம், ஸாரஸ் மாதிரி பழைய கையடக்கக் கணினிக்கு வை-ஃபை கார்டு தேடும்போது அந்த வரிசை சரிப்படாது. கார்டு ஸ்லாட்டில் பொருந்த வேண்டும், உங்கள் இயங்குதளத்துக்கு அதன் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், கிடைக்க வேண்டும், அந்தக் கார்டுக்குத் தெரிந்த பாதுகாப்பு முறையை உங்கள் ரவுட்டர் ஏற்க வேண்டும். மூன்றாவதில்தான் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கார்டில் விளக்கு எரிகிறது, நெட்வொர்க் பெயர்கூடத் திரையில் தெரிகிறது, இணைப்பு மட்டும் கிடைப்பதில்லை. காசு கொடுப்பதற்கு முன்னாலேயே மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்லாட்டைப் பாருங்கள்

காம்பாக்ட் ஃபிளாஷ் ஸ்லாட் உள்ள கணினி என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். டெல் ஆக்ஸிம் எக்ஸ்5, ஷார்ப் ஸாரஸ் எஸ்எல்-5500 இரண்டிலும் அது உண்டு, கூடவே எஸ்டி ஸ்லாட்டும் உண்டு, அதனால் ஒன்றில் வை-ஃபை, மற்றதில் மெமரி கார்டு என்று நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். காம்பாக்ட் ஃபிளாஷில் டைப் 1 என்பது 3.3 மில்லிமீட்டர் தடிமன், டைப் 2 என்பது 5 மில்லிமீட்டர். மெல்லியது தடித்த ஸ்லாட்டுக்குள் போகும், தடித்தது மெல்லியதற்குள் போகாது. அழுத்திப் பார்க்க வேண்டாம், உள்ளே இருக்கும் 50 ஊசிகளில் ஒன்று வளைந்தால்கூட ஸ்லாட் போச்சு.

அடுத்தது பிசி கார்டு, பழைய லேப்டாப்களில் பக்கவாட்டில் செருகுவோமே, அந்த அகலமான அட்டை. ஹெச்பி ஜோர்னாடா 720-இல் இதற்கு நேரடியாகவே இடம் இருக்கிறது. ஐபேக் 3600, 3800, 3900 வரிசைகளுக்கு முதுகில் மாட்டும் உறை ஒன்று தனியாக விற்றார்கள், அதற்குள் கார்டைச் செருக வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கையடக்கக் கணினிகள் ஏற்பது 16-பிட் பிசி கார்டை மட்டும்தான். பார்வைக்கு அதே அளவில், அதே வடிவில் இருக்கும் கார்ட்பஸ் என்ற 32-பிட் அட்டை வேலை செய்யாது. செருகும் முனையில் சிறு குமிழ்கள் வரிசையாக உள்ள பித்தளை நிறப் பட்டை தெரிந்தால் அது கார்ட்பஸ். 54 எம்பிபிஎஸ் என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டிருந்தால் அநேகமாக அதுவும் கார்ட்பஸ்தான், வேகத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது 11 எம்பிபிஎஸ் வேகமுள்ள, 802.11பி என்ற பழைய வை-ஃபை தர அட்டை.

எஸ்டி ஸ்லாட் மட்டும் உள்ளவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். வை-ஃபை எஸ்டி அட்டை என்பது மெமரி கார்டு அல்ல, எஸ்டிஐஓ என்ற வேறு ரகம். ஸ்லாட் எஸ்டிஐஓ-வை ஆதரிக்காவிட்டால் அட்டை கச்சிதமாக உள்ளே போகும், ஆனால் எதுவுமே நடக்காது. கணினியின் கையேட்டில் எஸ்டிஐஓ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம், கேமராவுக்காக வந்த ஐ-ஃபை, ஃபிளாஷ்ஏர் மாதிரியான அட்டைகளை வை-ஃபை என்று எழுதியிருக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. அவை தமக்குள் இருக்கும் படங்களைத் தாமே வெளியே அனுப்பும் மெமரி கார்டுகள், உங்கள் கணினிக்கு இணைய இணைப்பு எதையும் தராது. விலை மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பாம் கணினிகளுக்கு இன்னும் கெடுபிடி. பாம் நிறுவனமே வெளியிட்ட வை-ஃபை எஸ்டி அட்டை டங்ஸ்டன் டி3, ஸைர் 72 போன்ற சில மாடல்களோடு மட்டும் வேலை செய்யும். பாக்கெட் பிசிக்கு என்று வாங்கிய எஸ்டி வை-ஃபை அட்டையைப் பாமில் போட்டுப் பார்ப்பது நேர விரயம். சோனி கிளியே என்எக்ஸ்70வி கதை இன்னும் வேடிக்கை, காம்பாக்ட் ஃபிளாஷ் ஸ்லாட் இருந்தும் அதைச் சோனியின் சொந்த வை-ஃபை அட்டைக்கென்றே ஒதுக்கிவைத்து விற்றார்கள், மெமரி கார்டைக்கூட ஏற்காது. டங்ஸ்டன் சி, டி|எக்ஸ் இரண்டிலும் வை-ஃபை உள்ளேயே இருக்கிறது, அதை வைத்திருப்பவர்கள் நேராக ரவுட்டர் பகுதிக்குப் போய்விடலாம்.

டிரைவர்

அட்டையை வாங்கும் முன்பே அதன் டிரைவர் கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். இது என் கறாரான விதி. தயாரித்த நிறுவனங்கள் பல அந்தப் பக்கங்களை எப்போதோ நீக்கிவிட்டன, சில நிறுவனங்களே இப்போது இல்லை. அட்டையோடு வந்த குறுந்தகடு இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் இணையக் காப்பகங்களில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். மாடல் எண் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் வரும் பதிப்பு எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் விற்ற அட்டைக்குள் பதிப்புக்குப் பதிப்பு வேறு சிப் வைத்திருப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

பாக்கெட் பிசி மாதிரி விண்டோஸ் கையடக்கக் கணினிகளில் டிரைவர் கேப் (.cab) என்ற நிறுவல் கோப்பாக இருக்கும். அது எந்தச் செயலிக்கானது என்று பார்ப்பது முக்கியம். பாக்கெட் பிசி 2002-இலிருந்து எல்லாமே ஆர்ம் செயலிதான், குழப்பமில்லை. அதற்கு முந்தைய தலைமுறையில் ஹெச்பி ஜோர்னாடா 540 வரிசையில் எஸ்எச்3 செயலி, கேசியோ கேசியோபியா இ-125-இல் மிப்ஸ் செயலி என்று ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள், ஒன்றுக்கான கேப் இன்னொன்றில் நிறுவாது.

நிறுவுவதற்கு ஆக்டிவ்சிங்கோடு, அதாவது மேசைக் கணினியோடு இணைக்கும் பழைய மென்பொருளோடு, மல்லுக்கட்ட வேண்டியதில்லை. புதிய விண்டோஸில் அது ஓடுவதே பெரும்பாடு. கேப் கோப்பை ஒரு மெமரி கார்டில் போட்டு, கையடக்கக் கணினியில் செருகி, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அதைத் தட்டினால் போதும், தானே நிறுவிக்கொள்ளும். ஒரே ஒரு ஸ்லாட்தான் என்றால் கேப்பை முதலில் கணினியின் உள் நினைவகத்துக்கு நகல் எடுத்துவிட்டு, மெமரி கார்டை வெளியே எடுத்துவிட்டு, அங்கிருந்து நிறுவுங்கள். டிரைவர் மேசைக் கணினியில் தட்டினால் ஓடும் பெரிய நிறுவல் கோப்பாக மட்டும் கிடைத்தால், அங்கேயே அதைப் பிரித்தெடுக்கும் மென்பொருளால் திறந்து பாருங்கள், பெரும்பாலும் உள்ளே கேப் ஒளிந்திருக்கும்.

நிறுவி முடித்ததும் ஒரு சாஃப்ட் ரீசெட், அதாவது எதையும் அழிக்காத மறுதொடக்கம். அதன் பிறகுதான் அட்டையைச் செருக வேண்டும். செருகியவுடன் அடையாளம் தெரியாத அட்டை, டிரைவரின் பெயரைத் தட்டச்சு செய்க என்று ஒரு பெட்டி எழுந்தால் டிரைவர் ஏறவில்லை அல்லது தவறான டிரைவர் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்தப் பெட்டியில் யூகித்து எதையாவது எழுதிப் பயனில்லை, ரத்து செய்துவிட்டு டிரைவரைத் திரும்ப நிறுவுங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் மொபைல் 5-க்கு முந்தைய பாக்கெட் பிசிகளில் நீங்கள் நிறுவுவது எல்லாமே ராமில்தான் உட்கார்ந்திருக்கும். பேட்டரி முழுதாக இறங்கினால் டிரைவர், பாஸ்வேர்டு, தொடர்பு எண்கள் எல்லாம் காலி, கணினி அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தது போல வரவேற்கும். அதனால் அந்தக் கேப் கோப்பை மெமரி கார்டிலோ, ஐபேக் ஃபைல் ஸ்டோர் மாதிரி அழியாத உள் சேமிப்பு இருந்தால் அதிலோ நிரந்தரமாக வைத்திருங்கள்.

ஸாரஸ் போன்ற லினக்ஸ் கணினிகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. இன்டர்சில் நிறுவனத்தின் பிரிசம் சிப், லூசன்டின் ஹெர்மஸ் சிப் இரண்டில் ஒன்று உள்ள அட்டை என்றால் லினக்ஸில் டிரைவர் கிடைக்கும். பிரிசம் அட்டைக்கு ஹோஸ்ட்ஏபி டிரைவரைப் போடுங்கள், காரணம் கீழே வருகிறது.

ரவுட்டரோடு சமாதானம்

இனிதான் உண்மையான வேலை. 802.11பி வந்தது 1999-இல். அதில் இருந்த பாதுகாப்பு டபிள்யூஈபி (WEP) என்ற மறையாக்க முறை. 2001-லேயே அதன் அடிப்படை ஓட்டையை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள், 2007-இல் 104-பிட் சாவியையே ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டினார்கள். இடையில் 2003-இல் டபிள்யூபிஏ, 2004-இல் டபிள்யூபிஏ2, 2018-இல் டபிள்யூபிஏ3 என்று உலகம் நகர்ந்துவிட்டது. உங்கள் கையில் இருக்கும் அட்டையோ பெரும்பாலும் டபிள்யூஈபி-யோடு நின்றுவிட்டது.

டபிள்யூபிஏ கிடைக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் மொபைல் 2003 செகண்ட் எடிஷனில் டபிள்யூபிஏ ஆதரவு சேர்ந்தது, அட்டையின் டிரைவரும் அதற்கு ஏற்றதாக இருந்தால் வேலை செய்யும். லினக்ஸில் பிரிசம் அட்டை, ஹோஸ்ட்ஏபி டிரைவர், அட்டைக்குள் ஸ்டேஷன் ஃபர்ம்வேர் 1.7.0 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றும் சேர்ந்தால் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற மென்பொருள் வழியாக டபிள்யூபிஏ-வுக்குள் போகலாம், மறையாக்க வேலையைக் கணினியின் செயலியே இழுக்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும், பரவாயில்லை. பாக்கெட் பிசி 2002-ஓ அதற்கும் பழையதோ என்றால், உங்கள் அட்டையின் டிரைவர் தனியாக எதையும் தராதவரை, டபிள்யூஈபி-யோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

அதற்காக வீட்டின் முக்கிய நெட்வொர்க்கை டபிள்யூஈபி-க்கு இறக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. ஒன்று, வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களின் போக்குவரத்தும் திறந்துவிடப்படும். இரண்டு, 802.11என்-உம் அதற்குப் பின் வந்தவையும் டபிள்யூஈபி-யோடு தங்கள் வேகத்தைக் காட்டாது, எல்லாமே 54 எம்பிபிஎஸ்-க்கு விழுந்துவிடும். ஒரு பழைய கையடக்கக் கணினிக்காக வீடே ஊர்ந்துகொண்டிருக்கும். புதிய ரவுட்டர்கள் பலவற்றில் டபிள்யூஈபி பட்டியலிலேயே இல்லை என்பது நல்லதுதான்.

இதைவிட எளிய வழி மொபைல் போன். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட்டைப் பாஸ்வேர்டு இல்லாமல், 2.4 கிகாஹெர்ட்ஸில் திறக்க முடியும். வேலை நடக்கும் கொஞ்ச நேரத்துக்குத் திறந்துவிட்டு மூடிவிடுங்கள். போனின் டேட்டா வழியாகப் போவதால் வீட்டு நெட்வொர்க்கை இது தொடவே தொடாது, அதுதான் இதன் பெரிய நன்மை. திறந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் எத்தனை சாதனம் இணையலாம் என்ற எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் ஒன்று என்று வைத்துவிடுங்கள். ஐபோன் ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது, அதனால் இந்த வழி அதற்கு இல்லை. சில போன்கள் 802.11பி வேகங்களையே அணைத்து வைத்திருக்கும், அப்படியிருந்தால் ஹாட்ஸ்பாட் பெயர்கூட உங்கள் கணினியில் வராது.

அடிக்கடி பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் பழைய ரவுட்டர் ஒன்றைத் தனியாக வைப்பதுதான் என் சிபாரிசு. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி மாதிரி ஒன்று மூலையில் தூங்கிக்கொண்டிருந்தால் அதற்கு இப்போது வேலை வந்துவிட்டது. அதன் வான் போர்ட்டை (இணையம் உள்ளே வரும் துளை) முக்கிய ரவுட்டரின் லான் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களுக்கான துளை) கேபிளால் இணைத்தால் இணையம் வந்துவிடும். ஆனால் பலர் நினைப்பதுபோல இது தனித் தீவு ஆகிவிடாது. பழைய ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர் வெளியே போகும் வழியில்தான் உங்கள் முக்கிய நெட்வொர்க் முழுதும் இருக்கிறது, டபிள்யூஈபி-யை உடைத்து உள்ளே வந்தவர் அங்கிருந்து உங்கள் மேசைக் கணினியையும் பிரிண்டரையும் தாராளமாகத் தட்டிப் பார்க்கலாம். முக்கிய ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க்குக்கு என்று ஒரு லான் போர்ட்டை ஒதுக்க முடிந்தால் பழையதை அதில் செருகுங்கள். முடியாவிட்டால், பழைய ரவுட்டரின் ஃபயர்வாலில் உங்கள் முக்கிய நெட்வொர்க்கின் முகவரி வரம்பை, உதாரணமாக 192.168.1.0-இலிருந்து 192.168.1.255 வரை, மொத்தமாகத் தடுத்துவிடுங்கள். அந்த ரவுட்டரில் டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியாக 9.9.9.9 அல்லது 1.1.1.1 போன்ற பொது முகவரியைக் கொடுத்துவிட்டால் இணையம் வழக்கம்போல ஓடும். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி வரம்பு இருக்கக் கூடாது, முக்கியமானது 192.168.1 என்றால் பழையதை 192.168.50 என்று மாற்றுங்கள். மேக் முகவரி (ஒவ்வொரு அட்டைக்கும் உள்ள அடையாள எண்) வடிகட்டியைப் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம், காற்றில் போகும் அந்த முகவரியைப் பார்த்து நகலெடுப்பது சுலபம். வேலை முடிந்ததும் அந்த ரவுட்டரின் சுவிட்சை அணைத்துவிடுவது எல்லாவற்றையும்விடச் சிறந்த பூட்டு.

பழைய ரவுட்டரில் வைக்க வேண்டிய மற்ற அமைப்புகள்: முறை 802.11பி அல்லது பி/ஜி கலப்பு, ஜி மட்டும் என்று வைத்தால் உங்கள் அட்டைக்குக் கதவு அடைபடும். சேனல் 1, 6, 11-இல் ஒன்று. அமெரிக்கச் சந்தைக்கு விற்ற அட்டைகள் 11-க்கு மேல் கேட்காது, பல நாடுகளின் ரவுட்டர்கள் தானாகவே 12, 13-க்குத் தாவிவிடும், அப்போது நெட்வொர்க் பட்டியலில் உங்கள் பெயர் மட்டும் காணாமல் போகும், அட்டை கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். ப்ரியாம்பிள் என்று ஒரு தெரிவு இருந்தால் லாங். எஸ்எஸ்ஐடி-யை, அதாவது நெட்வொர்க் பெயரை, மறைக்காதீர்கள், பழைய டிரைவர்கள் மறைந்த பெயரோடு தடுமாறும். பெயரில் இடைவெளியோ குறியீடுகளோ வேண்டாம்.

அட்டை டபிள்யூபிஏ2 அறிந்ததாக இருந்து முக்கிய ரவுட்டரிலேயே இணைக்கப் போகிறீர்கள் என்றால் அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுங்கள், டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள், பிஎம்எஃப் (மேலாண்மைச் செய்திகளுக்கான பாதுகாப்பு) கட்டாயம் என்பதை அணைத்துவிடுங்கள். 5, 6 கிகாஹெர்ட்ஸ் எதுவும் இந்த அட்டைகளின் கண்ணுக்கே தெரியாது.

சாவியும் முகவரியும்

டபிள்யூஈபி சாவியைப் போடுவதில் ஒரு சூட்சுமம். ரவுட்டர்கள் பாஸ்பிரேஸ் என்று ஒரு சொல்லைக் கேட்டு அதிலிருந்து சாவியைத் தயாரித்துத் தரும், ஆனால் அந்தத் தயாரிப்பு முறை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. அதே சொல்லைக் கணினியில் போட்டால் வேறு சாவி பிறக்கலாம். அதனால் சொல்லை மறந்துவிட்டு, ஹெக்ஸ் சாவியை (0-9, A-F மட்டும் கொண்டது) நேரடியாக இரண்டு பக்கமும் தட்டச்சு செய்யுங்கள். 64-பிட்டுக்கு 10 இலக்கம், 128-பிட்டுக்கு 26 இலக்கம். ஸ்டைலஸால் 26 இலக்கத்தைத் தட்டுவது பொறுமையைச் சோதிக்கும், மெமரி கார்டில் ஒரு உரைக் கோப்பில் எழுதி எடுத்துவந்து ஒட்டிக்கொள்ளுங்கள். சாவி எண் 1 என்பது இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். அங்கீகார முறையில் ஓப்பன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஷேர்டு என்ற பெயர் பாதுகாப்பானதுபோல் ஒலித்தாலும் அது இன்னும் மோசம், சாவியைக் கண்டுபிடிக்கக் கூடுதல் தடயத்தைத் தானே கொடுத்துவிடும்.

விண்டோஸ் மொபைல் 2003-இல் ஸ்டார்ட், செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ் என்று போனால் நெட்வொர்க் கார்டுகளுக்கான இடம் வரும். உங்கள் நெட்வொர்க் பெயரைத் தட்டிப் பிடித்துத் திறந்தால் சாவி கேட்கும் பக்கம். அங்கே சாவி தானாக வழங்கப்படும் என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதை எடுத்தால்தான் சாவியைத் தட்டச்சு செய்யும் கட்டமே திறக்கும். பக்கத்திலேயே 802.1எக்ஸ் என்று இன்னொரு டிக், அது அலுவலக நெட்வொர்க்குகளுக்கானது, அதையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் இந்த அட்டை எதனோடு இணைகிறது என்று கேட்டு இன்டர்நெட், வொர்க் என்று இரண்டு தெரிவு தரும். வீட்டு ரவுட்டர் வழியாக நேரே வெளியே போகிறீர்கள், ஆகவே இன்டர்நெட். வொர்க் என்று விட்டால் இணைப்பு இருக்கும், பிங் போகும், பிரவுசர் மட்டும் இணைப்பைத் தேடிக்கொண்டே நிற்கக்கூடும். இந்த ஒரு தெரிவினால் வீணான மாலைப்பொழுதுகள் உலகத்தில் ஏராளம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாக்கெட் பிசி 2002-இல் நெட்வொர்க் பெயரும் சாவியும் அட்டையோடு வந்த சிறு மென்பொருளில்தான் இருக்கும், முகவரி மட்டும் செட்டிங்ஸில். பாமில் பிரிஃபரன்சஸ் உள்ளே வை-ஃபை.

முகவரியைப் பொறுத்தவரை டிஎச்சிபி போதும், ரவுட்டரே கொடுக்கும். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் ரவுட்டரிடமிருந்து எதுவும் வரவில்லை, கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். டபிள்யூஈபி-யில் இது பெரும்பாலும் சாவி தவறு என்பதற்கான அடையாளம், ஏனென்றால் ஓப்பன் முறையில் தவறான சாவியோடும் இணைப்பு ஏற்பட்டதுபோலத் தெரியும், பேச்சு மட்டும் புரியாது. சாவி சரியாக இருந்தும் முகவரி வராவிட்டால் கைப்படக் கொடுத்துப் பாருங்கள்: முகவரி 192.168.50.20, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.50.1, பக்கத்து டேப்பில் டிஎன்எஸ். எண்ணாகக் கொடுத்தால் ரவுட்டரின் பக்கம் திறக்கிறது, பெயராகக் கொடுத்தால் எதுவும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் மட்டும்தான் பாக்கி.

இணைந்துவிட்டது, பக்கம் ஏன் திறக்கவில்லை?

அட்டை மேல் குற்றமில்லை. இன்றைய தளங்கள் கிட்டத்தட்ட எல்லாமே எச்டிடிபிஎஸ், அதுவும் அதன் மறையாக்க முறையான டிஎல்எஸ் 1.2-க்குக் குறையாமல் கேட்கும். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் 2021-இல் அதிகாரபூர்வமாகக் கைவிட்டுவிட்டார்கள். பாக்கெட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ பாமின் பிளேஸர் பிரவுசரோ அதற்கும் பழைய ஆள். எந்த அமைப்பை மாற்றினாலும் இது சரியாகாது. கணினியின் தேதியை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பேட்டரி இறங்கி எழுந்த கணினி பல வருடம் பின்னால் நின்றுகொண்டு எல்லாச் சான்றிதழையும் செல்லாது என்று சொல்லும்.

இதற்கு வழி நடுவில் ஒரு புராக்ஸி. வெப்ஒன் என்ற மென்பொருளை வீட்டில் ஒரு மேசைக் கணினியில் ஓடவிட்டு, கையடக்கக் கணினியின் பிரவுசருக்கு அதைப் புராக்ஸியாகக் கொடுத்தால், வெளியுலகத்தோடு அது புதிய டிஎல்எஸ்-இல் பேசும், உங்களோடு சாதாரண எச்டிடிபி-யில் பேசும். டபிள்யூஆர்பி என்பது இன்னும் ஒரு படி மேலே போய் முழுப் பக்கத்தையும் படமாக வரைந்து அனுப்பும், அந்தப் படத்தின் மேல் நீங்கள் தட்டும் இடம் சொடுக்காக மாறும். 240-க்கு 320 புள்ளித் திரையில் படமாகப் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம்தான், ஆனால் வெப்ஒன்னிலும் உருக்குலைந்து வரும் பக்கங்களுக்கு வேறு வழியில்லை. புராக்ஸி ஓடும் கணினி முக்கிய நெட்வொர்க்கில் இருந்தால், மேலே ஃபயர்வாலில் போட்ட தடையில் அந்த ஒரு முகவரிக்கும் அந்த ஒரு போர்ட்டுக்கும் மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம், கையடக்கக் கணினிக்கும் புராக்ஸிக்கும் இடையில் போவது பூட்டில்லாத போக்குவரத்து, அதுவும் டபிள்யூஈபி-யின் மேல். வங்கி, மின்னஞ்சல் என்று பாஸ்வேர்டு கேட்கும் எதையும் இதில் திறக்காதீர்கள்.

வெறுமே உலாவ மட்டுமல்லாமல் இந்த இணைப்புக்கு நல்ல உபயோகம் கோப்புப் பரிமாற்றம். கேபிள் தேடி, ஆக்டிவ்சிங் நிறுவி அவதிப்படுவதைவிட, மேசைக் கணினியில் ஒரு சாதாரண எச்டிடிபி சர்வரை ஓடவிட்டு (பைத்தான் இருந்தால் ஒரே வரிக் கட்டளை, 8000 போர்ட்டில் எழுந்துவிடும்) பிரவுசரில் அந்தக் கணினியின் எண் முகவரியைக் கொடுத்தால் கோப்புகள் பட்டியலாக வரும், வேண்டியதைத் தட்டி இறக்கிக்கொள்ளலாம். மின்னூல்கள், கேப் கோப்புகள், பாட்டு எல்லாவற்றுக்கும் இதுதான் வசதி. எதிர்த்திசையில் அனுப்ப எஃப்டிபி. 11 எம்பிபிஎஸ் என்று அட்டையில் எழுதியிருந்தாலும் நல்ல நிலையிலேயே அதில் பாதிதான் கையில் வரும், கையடக்கக் கணினியில் அதையும்விடக் குறைவு, பெரிய வீடியோவை அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பேட்டரி

வை-ஃபை அட்டை கணினியின் உயிரைக் குடிக்கும். ஆண்டுக்கணக்கில் இழுப்பறையில் கிடந்த பேட்டரி என்றால் கேட்கவே வேண்டாம், அட்டை சிக்னல் அனுப்பத் தொடங்கும் நொடியில் மின்னழுத்தம் விழுந்து கணினி அணைந்துவிடும். முதல் நாள் அமைப்பு வேலை முழுவதையும் சார்ஜரில் செருகிய நிலையிலேயே செய்யுங்கள். ஐபேக்கின் பிசி கார்டு உறைக்குள் தனியாக ஒரு பேட்டரி இருக்கிறது, அதுவும் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். முதுகு மூடி உப்பியிருப்பது தெரிந்தால் சார்ஜ் ஏற்றாமல் பேட்டரியை மாற்றிவிட்டு வாருங்கள், உப்பிய லித்தியம் பேட்டரியில் விளையாட்டு கூடாது.

டிரைவர் அமைப்பில் பவர் சேவ் என்று இருக்கும். அட்டை இடையிடையே தூங்கி எழுவதால் பேட்டரி நீடிக்கும், ஆனால் சில ரவுட்டர்களோடு அதனாலேயே இணைப்பு விட்டுவிட்டு வரும். முதலில் அணைத்து வைத்து இணைப்பை நிலைநிறுத்துங்கள், எல்லாம் சீராக ஓடிய பிறகு போட்டுப் பாருங்கள். கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது கணினி தானாக அணையும் நேரத்தையும் நீட்டி வையுங்கள், அணைந்து எழுந்தால் சில டிரைவர்கள் பழைய இணைப்பைக் கண்டுகொள்ளாது, அட்டையை வெளியே எடுத்துத் திரும்பச் செருக வேண்டியிருக்கும்.

சிக்னல் குறைவாக இருந்தால் அட்டையின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை உங்கள் விரல்கள் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள், ஆன்டெனா அங்கேதான் இருக்கிறது. உலோக உறையைக் கழற்றிவிடுங்கள். கணினியில் புளூடூத் இருந்தால் அணையுங்கள், அதுவும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் அப்படியே. பயன்படுத்தாத நேரத்தில் அட்டையை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், பைக்குள் இருக்கும்போது அந்த நீட்டல் எதிலாவது இடித்தால் விழும் சுமை முழுவதும் ஸ்லாட்டின் ஊசிகளுக்குத்தான்.